நிஸ்வாவிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது, டாக்டரைப் பார்த்தீர்களா? போனில் அம்மா, ‘டவர் மேல ஏறி என்னதான் பண்றே, அந்த அலை உடம்புக்கு ஆகுமா’ என்று கேட்டாள், அதற்குள் லைன் போய்விட்டது. அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

ஓமனில் நான் இருக்கிற நிஸ்வா கீழே சமவெளியில் இருக்கிறது. ஜபல் அக்தர் மலையில் சைக் பக்கமெல்லாம் சுமார் 2000 மீட்டர் உயரம், பிர்கத் அல் மவுஸ் தாண்டியதும் போலீஸ் செக்போஸ்டில் ஃபோர் வீல் டிரைவ் வண்டியாக இருந்தால்தான் மேலே விடுவார்கள். முழுக்கப் பாறை, எல்லா ஊருக்கும் கேபிள் புதைக்க முடியாது. அதனால் கீழே டவரில் ஒரு டிஷ், மேலே ஒரு டிஷ், நடுவில் மைக்ரோவேவ், அதாவது கேபிளுக்குப் பதிலாக டேட்டாவைச் சுமக்கிற ரேடியோ அலை.

ஈபியில் இருந்த உங்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும்: எங்கள் சப்ளை மைனஸ் 48 வோல்ட் டிசி, பாசிட்டிவ்வைத்தான் எர்த்தில் கட்டுவோம். செம்பு அரிக்காமல் இருக்க டெலிபோன்காரர்கள் அந்தக் காலத்திலேயே கண்ட வழி. எர்த்தை முறுக்கி, மல்டிமீட்டரில் முனை சரியா என்று பார்த்த பிறகுதான் பிரேக்கரைப் போடுவேன். போட்டாலும் ரேடியோ மியூட்டில்தான் இருக்கும். டிஷ்ஷுக்கு முன்னால் ஆள் இல்லை என்று தெரிந்த பிறகே அலையைத் திறப்போம்.

போன வாரம் போட்டது 18 கிகாஹெர்ட்ஸ் லிங்க், கிட்டத்தட்ட 10 கிலோமீட்டர், இரண்டு பக்கமும் 60 சென்டிமீட்டர் டிஷ். பவரை நாங்கள் டிபிஎம்மில் அளப்போம், ஒரு மில்லிவாட்தான் அதில் பூஜ்யம், பத்து கூடினால் பவர் பத்து மடங்கு, பத்து குறைந்தால் பத்தில் ஒரு பங்கு. அனுப்பும் பவர் 20 டிபிஎம், அதாவது வெறும் 100 மில்லிவாட். சாமி படத்துக்கு முன்னால் எரிகிற ஜீரோ வாட் பல்புகூட இதைவிடப் பல மடங்கு இழுக்கும் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். எதிர்ப்பக்கம் மைனஸ் 40 டிபிஎம் வந்து சேர்ந்தால் போதும், அது ஒரு மில்லிவாட்டில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான்.

அன்றைக்கு மைனஸ் 62-லேயே நின்றது. கீழே இருந்த மலையாளி அண்ணன் ‘பவரைக் கூட்டிடலாமா’ என்றார். நான் வேண்டாம் என்றேன். கணக்குக்கு இருபது டிபிக்கு மேல் குறைகிறது என்றால் டிஷ் நடு பீமை விட்டுப் பக்கத்து லோபை, அதாவது ஓரத்தில் கசிகிற பலவீனமான அலையைப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம், பீமின் அகலமே இரண்டு டிகிரிதான். ஸ்பேனரில் கால் சுற்று, கொஞ்சம் பொறுத்து மீட்டர், மறுபடி கால் சுற்று. முதலில் சிக்னல் அடியோடு விழுந்தது, அதைத் தாண்டித் திருப்பியதும் சரசரவென்று ஏறி மைனஸ் 41-க்கு வந்தது.

பவரைக் கூட்டியிருந்தால் லைசென்ஸ் அளவைத் தாண்டியிருக்கும், அதே அலைவரிசையில் ஓடுகிற வேறொருவர் லிங்க் கெட்டிருக்கும், ஆம்ப்ளிஃபயரும் திணறி டேட்டாவில் பிழை விழுந்திருக்கும். டிஷ்ஷைச் சரியாகத் திருப்பாமல் பவரால் ஈடுகட்டுவதை என்னால் ஒத்துக்கொள்ளவே முடியாது. மழைக்கு மட்டும் கொஞ்சம் பவரை மிச்சம் வைப்போம், கோடையில் மதியத்துக்கு மேல் இந்த மலையில் திடீரென்று மேகம் கட்டிக் கொட்டும், இந்த அலைவரிசையை மழை குடித்துவிடும். அப்போது ரேடியோ தானாகவே பவரை ஏற்றி, மழை விட்டதும் இறக்கிக்கொள்ளும். டிஷ்ஷைத் திருப்பும்போது இதை அணைத்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மீட்டர் காட்டுவதை நம்ப முடியாது.

அப்புறம், வெயிலை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மதியம் 12.30-லிருந்து 3.30 வரை வெளிவேலைக்கு அரசாங்கமே தடை போட்டிருக்கிறது. பணம் அனுப்பிவிட்டேன், முதலில் உங்கள் காலைப் பாருங்கள், மாடி வேலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
உங்கள் மகன்