தாக்குதல் எண்ணிக்கையை எப்படிப் படிப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்தின் பாதுகாப்பு மனநல மருத்துவமனைகளைப் பற்றிச் செய்தி வரும்போது, ‘ஊழியர்கள் மீதான தாக்குதல் இரு மடங்கு’ என்பது போன்ற தலைப்பைப் பல நாளிதழ்களில் காண முடிகிறது. அந்த எண் மருத்துவமனையின் திட்டமிடல் மற்றும் தர நிர்வாகப் பிரிவில் தயாராகிறது. அது அங்கே எப்படி உருவாகிறது என்று தெரிந்துகொண்டால், அதை வைத்து இவ்வளவு அவசரமாகத் தீர்ப்பு எழுதத் தோன்றாது.

முதலில், இவை சிறைகள் அல்ல. பிறருக்கு ஆபத்து விளைவிக்கக்கூடும் என்று கருதப்படும் மனநோயாளிகளை மனநலச் சட்டத்தின்கீழ் வைத்துச் சிகிச்சை தரும் இடங்கள். உயர் பாதுகாப்பு மருத்துவமனைகள் இங்கிலாந்தில் மூன்றுதான்: பிராட்மூர், ராம்ப்டன், ஆஷ்வொர்த். அவற்றுக்கு அடுத்த படிகளில் நடுத்தர, குறைந்த பாதுகாப்புப் பிரிவுகள் இருக்கின்றன. ஒரு படியில் இருப்பதை இன்னொரு படியோடு ஒப்பிட்டு ‘இது மோசம், அது நல்லது’ என்பதற்கு அர்த்தமே இல்லை.

இனி கணக்கு. தாக்குதல் சம்பவங்களை ஆயிரம் படுக்கை நாட்களுக்கு எத்தனை என்று பார்ப்பதே வழக்கம். 15 நோயாளிகள் 30 நாட்கள் தங்கினால் 450 படுக்கை நாட்கள். அந்த மாதத்தில் 9 சம்பவங்கள் என்றால் விகிதம் 20. அடுத்த மாதம் நோயாளிகள் 12 பேராகக் குறைந்து, சம்பவங்கள் அதே 9 என்றால் விகிதம் 25. எண்ணிக்கை மாறவில்லை, நிலைமையோ கால் பங்கு மோசமாகிவிட்டது. இரவு வெளியே தங்கும் விடுப்பில் போன நோயாளியின் நாட்களைக் கழிக்க மறந்தால் விகிதம் பொய்யாகக் குறையும். இன்னொன்று: ஒரு வார்டின் சம்பவங்களில் பெரும்பகுதி ஓரிருவரிடமிருந்தே வருவது சாதாரணம். அப்படிப்பட்ட ஒருவர் புதிதாக வந்து சேர்ந்த மாதத்தில் வரைபடத்தின் கோடு செங்குத்தாக ஏறும். ஆகவே மொத்த விகிதத்தோடு, சம்பந்தப்பட்ட நோயாளிகள் எத்தனை பேர் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

எண் ஏறினால் வன்முறை கூடிவிட்டது என்றும் சொல்லிவிட முடியாது. மிரட்டல், எச்சில் துப்புதல், பொருளை வீசுதல் ஆகியவற்றையும் பதியுங்கள் என்று பயிற்சி கொடுத்த மறு மாதமே பதிவு எகிறும். அது நல்ல செய்தி. கவலைப்பட வேண்டியது திடீரென அமைதியாகும் வார்டைப் பார்த்துத்தான். ஆள் பற்றாக்குறையில் முதலில் நின்றுபோவது படிவம் நிரப்புவது. இதைக் கண்டுபிடிக்க, சம்பவப் பதிவை வேறு நான்கு பதிவுகளோடு ஒப்பிட வேண்டும்: ஊழியர்களின் அலாரம் ஒலித்த நேரங்கள், ஊழியர் காயப் பதிவேடு, தனிமை அறைப் பதிவேடு (நோயாளியைத் தனியே பூட்டிவைத்த நேரங்களின் கணக்கு), தேவைப்படும்போது மட்டும் தரும் மருந்துகளின் அட்டை. அலாரம் ஒலித்திருக்கிறது, ஊசி போடப்பட்டிருக்கிறது, சம்பவப் பதிவு மட்டும் இல்லை என்றால், போய் விசாரிக்க வேண்டிய இடம் அதுதான்.

போன மாதத்தோடு இந்த மாதத்தை ஒப்பிடுவதும் வீண் வேலை. அமெரிக்கப் புள்ளியியலாளர் வால்டர் ஷூவார்ட் 1924-ல் தொழிற்சாலை உற்பத்திக்காக வரைந்த கட்டுப்பாட்டு வரைபடம் இங்கும் பயன்படுகிறது. மாதப் புள்ளிகளை வரிசையாக வைத்து நடுவே சராசரிக் கோடும், அதற்கு மேலும் கீழும் வழக்கமான ஏற்ற இறக்கத்தின் எல்லைக் கோடுகளும் போட வேண்டும். கோட்டின் ஒரே பக்கத்தில் தொடர்ந்து 8 புள்ளிகள் விழுந்தாலோ, ஒரு புள்ளி எல்லைக் கோட்டைத் தாண்டினாலோதான் ஏதோ மாறியிருக்கிறது என்று பேசலாம். மற்ற ஏற்ற இறக்கங்களுக்கெல்லாம் மேலாளரை அழைத்து விளக்கம் கேட்டால், அவரும் ஏதாவது ஒரு விளக்கத்தைக் கண்டுபிடித்துச் சொல்வார்!

தாக்குதலைவிட நுணுக்கமாகப் பார்க்க வேண்டியது தனிமை அறைப் பதிவு. ஒரு மனிதரைப் பூட்டிவைத்த அறையின் கணக்கு அது. 2015-ஆம் ஆண்டின் மனநலச் சட்ட நடைமுறை விதித்தொகுப்பு இதற்குத் தெளிவான கால அளவுகளைச் சொல்கிறது. 15 நிமிடத்துக்கு ஒருமுறையாவது கவனிப்புக் குறிப்பு எழுத வேண்டும். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை இருவர் சேர்ந்து ஆய்வு செய்ய வேண்டும். ஒருவராவது பதிவு பெற்ற செவிலியராக இருக்க வேண்டும், தனிமைப்படுத்தும் முடிவில் நேரடியாகப் பங்கு பெறாத ஒருவரும் அதில் இருக்க வேண்டும். மருத்துவர், செவிலியர் உள்ளிட்ட பல துறையினர் சேர்ந்த பல்துறைக் குழுவின் முதல் ஆய்வு நடக்கும்வரை 4 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவர் பார்க்க வேண்டும். தொடர்ந்து 8 மணி நேரமோ, 48 மணி நேரத்தில் விட்டுவிட்டு 12 மணி நேரமோ ஆகிவிட்டால் தனிக் குழுவொன்றின் சுதந்திரமான ஆய்வு வேண்டும்.

காகிதத்தில் எளிது. நடைமுறையில் முதல் சிக்கல் தொடக்க நேரம். கதவு பூட்டப்பட்ட நேரத்துக்குப் பதில் அனுமதி கிடைத்த நேரத்தை எழுதிவிட்டால், பின்னால் வரும் எல்லா ஆய்வுகளும் சரியான நேரத்தில் நடந்ததுபோலத் தெரியும். வார்டின் சுவர்க் கடிகாரமும் கணினியும் அலாரக் கருவியும் ஆளுக்கொரு நேரம் காட்டினால் சரிபார்க்கவும் வழியில்லை. மூன்றையும் ஒன்றாக்கி வைப்பது தர நிர்வாகப் பிரிவு கேட்டுப் பெற வேண்டிய அடிப்படை வசதி. ஆய்வு அதிகம் தவறுவது ஷிப்ட் மாறும் நேரத்தில்: போகிறவர் வருகிறவர் பார்ப்பார் என்று நினைப்பார், வருகிறவர் ஏற்கெனவே முடிந்துவிட்டது என்று நினைப்பார். விட்டுவிட்டு 12 மணி நேரம் என்ற விதி அடிக்கடி மீறப்படுவதற்குக் காரணம் பதிவேட்டின் அமைப்பே. தனிமை அறையில் அடைக்கும் ஒவ்வொரு முறைக்கும் தனித் தாள் இருந்தால், 5, 4, 4 மணி நேரமாக மூன்று அடைப்புகள் இரண்டு நாளுக்குள் வந்து 13-ஐ எட்டியதை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. நோயாளிவாரியாக 48 மணி நேரக் கூட்டுத்தொகை தானாக ஓடும் பதிவேடு வேண்டும். கவனிப்புக் குறிப்புகள் 10.00, 10.15, 10.30 என்று ஒரு நிமிடம்கூட பிசகாமல் இரவு முழுக்க இருந்தால் பாராட்ட வேண்டாம். மனிதர்கள் 10.02, 10.14 என்றுதான் எழுதுவார்கள்.

திட்டமிடல் பக்கத்திலும் இதே கதை. வாரத்துக்கு 25 மணி நேரச் செயல்பாடுகள் ஒவ்வொரு நோயாளிக்கும் அளிக்கப்பட வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. அளித்ததாகக் காட்டும் எண்ணும் நோயாளி உண்மையில் கலந்துகொண்ட எண்ணும் வேறு வேறு. இரண்டையும் தனித்தனி நிரலில் வைக்காத அறிக்கையை நம்ப வேண்டாம். துணையோடு வெளியே செல்லும் விடுப்புக்கு ஆட்களும் வாகனமும் வேண்டும். நீதிமன்றக் கட்டுப்பாட்டு ஆணை (விடுப்பையும் விடுவிப்பையும் கட்டுப்படுத்தும் ஆணை) உள்ளவருக்கு நீதி அமைச்சகத்தின் அனுமதியும் வேண்டும். அனுமதி வந்த பிறகும் ஆள் இல்லாமல் விடுப்பு ரத்தாகிறது. ரத்தானதற்கான காரணங்களில் ‘இதர’ என்ற பெட்டியை வைத்தால், சில மாதங்களில் பாதிப் பதிவுகள் அதில்தான் போய் உட்காரும். ‘ஆள் இல்லை’, ‘நோயாளி மறுத்தார்’, ‘மருத்துவர் நிறுத்தினார்’, ‘வாகனம் இல்லை’ என்று பிரித்து வைத்தால்தான் அடுத்த மாதப் பணிப் பட்டியலைத் திருத்த முடியும்.

எனவே, அடுத்த முறை இத்தகைய மருத்துவமனையைப் பற்றி எழுதும் செய்தியாளர், இரண்டு ஆண்டுகளின் மாதவாரி விகிதங்களைக் கேட்டு வாங்கட்டும். கூடவே, அதே மாதங்களில் ஆள் இல்லாமல் ரத்தான விடுப்புகளின் எண்ணிக்கையையும் கேட்கட்டும்.

இப்படிக்கு,
மருத்துவமனைத் தர நிர்வாகத்தில் பணிபுரியும் வாசகர்