எங்கள் பக்கத்துக் கோமாளிகளையும் பேச வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்து ‘ஸ்காஃபோல்டு’ குழுவினர் தங்கள் மேடை வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கும் பேட்டிக் கட்டுரையைச் சென்ற இதழில் படித்தேன். 1960களில் கிளம்பிய மூன்று பேர். ஜான் கோர்மன் சிரிக்க வைப்பார், ராஜர் மெக்கஃப் கவிதை சொல்வார், மைக் மெக்கியர் பாடுவார். 1968 கடைசியில் அவர்களுடைய வேடிக்கைப் பாட்டு ஒன்று பிரிட்டனில் விற்பனைப் பட்டியலின் முதலிடத்துக்கே போயிருக்கிறது. மைக், பீட்டில்ஸ் இசைக்குழுவின் பால் மெக்கார்ட்னியின் கூடப்பிறந்த தம்பி. அண்ணன் புகழில் குளிர்காயக் கூடாது என்று தன் மேடைப் பெயரையே மாற்றிக்கொண்டவர். அப்படிப்பட்ட மனிதரிடம் அண்ணனைப் பற்றியே இவ்வளவு கேட்டிருக்க வேண்டாம். கவிதைக்கும் சிரிப்புக்கும் நடுவில் சபையை எப்படித் திருப்பினார்கள், யாரும் சிரிக்காத ராத்திரியில் என்ன செய்தார்கள் என்று கேட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

படித்து முடித்ததும் என் மனசு மேச்சேரிப் பக்கம் போய்விட்டது. நகைச்சுவை, கவிதை, இசை மூன்றும் ஒரே களத்தில் விடிய விடிய நடக்கும் கலை நம் சேலம் மாவட்டத்துக் கூத்து. விருத்தமும், தரு என்கிற கூத்துப் பாட்டும் கவிதை. ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை, தாளம், பின்பாட்டு எல்லாம் இசை. சிரிப்புக்குக் கோமாளி. புத்தகத்தில் கட்டியக்காரன் என்பார்கள், எங்கள் பக்கத்தில் கோமாளி என்றால்தான் எல்லோருக்கும் தெரியும்.

ஒரு பண்டிகையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். ராஜா வேசம் கட்டியவர் திரைக்குப் பின்னால் நின்று பாடி, திரை விலகி, கிரீடமும் புஜக்கட்டையுமாகச் சபைக்கு வருகிறார். மந்திரி வேலையும் கோமாளிக்குத்தான். “மாதம் மும்மாரி பொழிகிறதா?” என்று ராஜா வழக்கம்போலக் கேட்டார். கோமாளி மேளக்காரரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “மழையை விடுங்க மகாராஜா, மேட்டூர் டேம் நம்ம பக்கத்துல இருக்குது, தண்ணி மட்டும் தஞ்சாவூருக்குப் போகுது. நாம கரையில நின்னு டாட்டா காட்டறோம்” என்றார். சபை அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. அந்தச் சிரிப்பு அடங்குகிற இடம் பார்த்து, மிருதங்கம் தட்டி, அடுத்த விருத்தத்தை எடுத்தார் கூத்து வாத்தியார். நேரம் தவறவில்லை. அதற்கு எத்தனை வருசப் பழக்கம் வேண்டும்!

ராஜாவின் பாட்டு வாத்தியாரின் நோட்டில் இருக்கிறது. கோமாளியின் பேச்சு எந்த நோட்டிலும் கிடையாது. ஊருக்கு ஊர் மாறும், அன்றைக்கு நடந்ததை வைத்து அங்கேயே பிறக்கும். அவரோடு அது போய்விடும் என்பதுதான் என் கவலை. வில்லுப்பாட்டுக்கு சுப்பு ஆறுமுகம் அய்யா இருந்தார். 2022ல் அவர் மறைந்தாலும், வானொலியில் பாடிய குரல் மிச்சம் இருக்கிறது. பகலில் தறி ஓட்டியும் காட்டு வேலை செய்தும் ராத்திரி வேசம் கட்டுகிற நம் ஆட்களுக்கு அந்த வசதி இல்லை. மேட்டூர் வட்டம் ஏர்வாடியிலிருந்து வரும் ‘மணல்வீடு’ இதழ்க்காரர்கள் கூத்துக் கலைஞர்களுக்காக நிறையச் செய்திருக்கிறார்கள். அதை ஒரு சிற்றிதழ் மட்டும் எவ்வளவு நாள் சுமக்கும்?

ஆடியில் சேலம் குகைப் பகுதியில் நடக்கும் வண்டி வேடிக்கை, மே மாதம் ஏற்காடு மலர்க்கண்காட்சி என்றால் பத்திரிகைகளில் படம் வந்துவிடுகிறது. சந்தோசம். கூத்துக்கும் படம் மட்டும் போட்டால் போதாது. விழா மேடையில் கிடைக்கும் கொஞ்ச நேரத்தில் ராஜா வந்து போவதற்கே சரியாக இருக்கும், கோமாளி வாயைத் திறக்க முடியாது. வயதான கோமாளிகள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, லிவர்பூல்காரர்களைக் கேட்ட மாதிரியே இவர்களையும் கேளுங்கள். யாரிடம் கற்றீர்கள், எந்த ஊர்ச் சபை கடினம், எந்தப் பேச்சுக்கு அடி விழப் பார்த்தது, பெண் வேசம் கட்டுகிறவரோடு கேலி பேசும்போது எங்கே நிறுத்திக்கொள்வீர்கள் என்றெல்லாம் கேளுங்கள். இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். நல்ல கோமாளிக்கும் வாய்க்கு வந்ததைப் பேசுகிறவருக்கும் வித்தியாசம் அங்கேதான்.

பேச்சைக் கட்டுரையாகச் சுருக்கினாலும் ஒலிப்பதிவை முழுசாக வைத்துக்கொள்ளுங்கள். பங்குனி, சித்திரையில் மாரியம்மன் பண்டிகைகள் வந்துவிட்டால் அவர்களுக்கு நேரம் இருக்காது. அதற்கு முன்னால் நிருபர் யாரையாவது அனுப்பினால், மேச்சேரி, நங்கவள்ளிப் பக்கம் நானே கூட்டிப்போகிறேன். அப்புறம், காலையில் போக வேண்டாம். தறி நிறுத்தியபின் சாயங்காலம் போனால்தான் நிதானமாகப் பேசுவார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அம்மாப்பேட்டை, சேலம்.