சேரும்போதே சொல்லிவிடு

மதுரை

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முட்டு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. வாக்கரைப் பிடித்துக்கொண்டு அடுப்படி வரைக்கும் போய்விட்டார்கள் என்று எழுதியிருந்தாய். அவர்களால் சும்மா படுத்திருக்க முடியாதுதான். ஃபிசியோதெரபியை மட்டும் பாதியில் விட்டுவிட வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். இங்கே எல்லோரும் சுகம். பெரியவளுக்கு வேலை கோயம்புத்தூரில் கிடைத்திருக்கிறது, அடுத்த மாதம் கொண்டுபோய் விட்டு வர வேண்டும்.

சின்னவன் பிளஸ் டூ முடித்துவிட்டானா! அவனுக்கு டிஸ்லெக்ஸியா, அதாவது எழுத்துகளைப் படிப்பதில் வரும் சிரமம், இருப்பதைக் கல்லூரியில் சொல்ல வேண்டுமா, சொன்னால் முதல் நாளே முத்திரை குத்திவிட மாட்டார்களா என்று கேட்டிருக்கிறாய். பள்ளிக்கூடத்தில் பட்டதே போதும், புது இடத்தில் மற்றவர்களைப் போலவே இருந்துவிட்டுப் போகிறேன் என்கிறானாம். அவன் மனசு எனக்குப் புரிகிறது. ஆனாலும் சொல்லிவிடு என்பதுதான் என் பதில். சேரும்போதே சொல், எழுதியே கொடு.

எங்கள் கல்லூரியில் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு உதவுகிற சம வாய்ப்பு மையத்தை இப்போது நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அந்த அறைக்கு மாணவர்கள் பெரும்பாலும் வருவது செமஸ்டர் தேர்வு நெருங்கும்போது, ஸ்கிரைப் கேட்டு, அதாவது தேர்வில் அவர்கள் சொல்லச் சொல்ல எழுதித் தருகிற ஆள் கேட்டு. நாங்களும் ஓடி ஓடி ஆள் தேடி, கடிதம் அடித்து, தேர்வுக் கட்டுப்பாட்டாளரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுப்போம். அதுவரை அந்தப் பிள்ளை வகுப்பில் எப்படிப் படித்தது, படிக்க என்ன இருந்தது என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பாடத்தைப் படிக்கவே வழியில்லாமல் செய்துவிட்டு, தேர்வில் ஒரு மணி நேரம் கூடக் கொடுத்து என்ன பிரயோஜனம்? எனக்கு இதுதான் தாங்க முடியாத விஷயம்.

போன வருடம் பி.ஏ. பொருளியலில் பார்வையற்ற மாணவி ஒருத்தி சேர்ந்தாள். நல்ல சூட்டிகை. லேப்டாப்பில் என்விடிஏ வைத்திருந்தாள். திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும் மென்பொருள் அது, இலவசம். மைக்கேல் கர்ரன் என்ற பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர் 2006இல் தொடங்கியது. தமிழும் வாசிக்கும். துறையில் பல வருடமாகச் சேர்த்து வைத்திருந்த தமிழ் நோட்ஸையெல்லாம் பென் டிரைவில் போட்டு அவளிடம் கொடுத்தார்கள். மறுநாளே வந்து, "மேம், ஒண்ணுமே புரியல, என்னமோ உளறுது" என்றாள். அத்தனையும் பாமினி எழுத்துருவில் அடித்தவை. பாமினியில் நம் கண்ணுக்கு 'அம்மா' என்று தெரியும், கம்ப்யூட்டருக்கு அங்கே இருப்பதெல்லாம் ஆங்கில எழுத்துகள்தான். அவள் ஒவ்வொரு எழுத்தாக நகர்த்திக் காட்டினாள்: "எம், கே, செமிகோலன், கே, எச்". விட்டிருந்தால் முழு வருடத்துப் பாடமும் அந்தப் பிள்ளையின் காதில் இப்படித்தான் விழுந்திருக்கும்.

சரிசெய்வது ஒன்றும் பெரிய வேலை இல்லை. பாமினியை, கம்ப்யூட்டரும் தமிழாகவே அறிகிற யூனிகோடாக மாற்ற என்எச்எம் கன்வெர்ட்டர் போல இலவசக் கருவிகள் இருக்கின்றன. ஒட்டினால் நொடியில் மாறிவிடும். ஸ்கேன் செய்த பக்கங்கள்தான் வேலை வாங்கின. கூகுள் டிரைவில் போட்டால் எழுத்தாக மாற்றித் தருகிறது, ஆனால் 'ள'வும் 'ன'வும் இடம் மாறும், அட்டவணைகள் சிதறிப்போகும். என்எஸ்எஸ் பிள்ளைகளுக்கு ஆளுக்குப் பத்துப் பக்கம் என்று பிரித்துக் கொடுத்துப் பிழை திருத்தச் சொன்னோம். நூலகர் மட்டும், பாடநூலை ஸ்கேன் செய்தால் பதிப்பாளர் கேஸ் போட்டுவிடுவாரோ என்று பயந்தார். 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோதே, மாற்றுத்திறனாளிகள் படிக்கிற வடிவத்துக்கு மாற்றுவது மீறல் ஆகாது என்று சேர்த்துவிட்டார்கள். அந்தப் பிரிவை அச்செடுத்து அவர் மேசையில் வைத்தேன். இப்போது அவரே ஸ்கேனர் முன்னால் உட்கார்ந்துவிடுகிறார்.

பொருளியல் என்றால் வரைபடம் இல்லாமல் முடியுமா? "இதோ இந்த இடத்தில் வெட்டுகிறது பாருங்கள்" என்று கரும்பலகையைத் தட்டித்தானே நாம் நடத்துகிறோம். அவளுக்காகக் கெட்டி அட்டையில் உல்லன் நூலால் தேவைக் கோடும், சணலால் அளிப்புக் கோடும் ஒட்டினேன். இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு. விரலை மெதுவாக ஓட்டிக்கொண்டே வந்து பொட்டில் நிறுத்தி, "இதுதான் சமநிலைப் புள்ளியா மேம்?" என்றாள். அடுத்த கேள்வி உடனே வந்தது: "தேவைக் கோடு வலப்பக்கம் நகரும்னு புக்ல இருக்கே, இது ஒட்டியிருக்கே, எப்படி நகரும்?" நியாயமான கேள்வி. அன்றைக்கே ஒரு தெர்மாகோல் பலகை வாங்கி, நூலைக் குண்டூசியில் மாட்டி, அவளே இழுத்து நகர்த்துகிற மாதிரி செய்தோம். நகர்த்திவிட்டு, விலை ஏறுகிறது, அளவும் கூடுகிறது என்று அவளே சொன்னாள். அந்த செமஸ்டரில் எனக்கு நிறைவு தந்த வகுப்பு அதுதான்.

இதெல்லாம் ஜூனிலேயே முடிந்தது, அவள் சேரும்போதே வந்து சொன்னதால். நவம்பரில் வந்திருந்தால் என்னால் ஒரு ஸ்கிரைப்பைத் தவிர வேறொன்றும் கொடுத்திருக்க முடியாது. இன்னொன்று, வெளியே எவ்வளவோ இருக்கிறது என்பதும் முன்கூட்டித் தெரிந்தால்தான் பயன்படும். நம்ம ஊர் சுந்தரராஜன்பட்டியில், எஸ்.எம்.ஏ. ஜின்னா என்ற பார்வையற்றவர் 1985இல் தொடங்கிய இந்தியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கிறது. புது நத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. நம் மாணவர்களில் பாதிப் பேருக்கு இரண்டும் தெரியவில்லை.

சரி, உன் மகன் விஷயத்துக்கு வருகிறேன். 1995ஆம் வருடத்து மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் டிஸ்லெக்ஸியாவே கிடையாது. அதில் இருந்தது ஏழு வகைக் குறைபாடுகள்தான். 2016இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 ஆக்கியது, அதில் டிஸ்லெக்ஸியா போன்ற கற்றல் குறைபாடும் உண்டு. அவனிடம் குறைபாடு 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்று சான்றிதழ் இருந்தால், அரசுக் கல்லூரியிலும் அரசு உதவி பெறும் கல்லூரியிலும் இந்தச் சட்டப்படி 5 சதவீத இட ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்கலாம். சின்ன வயதில் எடுத்த சான்றிதழையே வைத்துக்கொண்டிருக்காதே. 2018இல் வந்த மதிப்பீட்டு நெறிமுறையில் 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி பார்க்க வேண்டும், 18இல் தருவது ஆயுளுக்கும் செல்லும் என்று இருந்தது, இப்போதைய விதியை மருத்துவமனையில் கேட்டுக்கொள். அவனுக்கு 18 முடிந்ததும் அழைத்துப் போய்விடு. அப்புறம், பிளஸ் டூவில் அவனுக்குக் கிடைத்த கூடுதல் நேரமும் சலுகைகளும் கல்லூரிக்குத் தானாக வந்துவிடாது. அது தேர்வுத் துறை கொடுத்தது, இங்கே புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். நிறையப் பெற்றோர் கோட்டைவிடுவது இங்கேதான்.

ஒருவேளை சதவீதம் 40க்குக் கீழே வந்தாலும் தளர்ந்துவிடாதே. விகாஷ் குமார் என்று ஒருவர், கை எழுத வராத நிலையில் யுபிஎஸ்சி தேர்வுக்கு ஸ்கிரைப் கேட்டார், மறுத்துவிட்டார்கள். உச்ச நீதிமன்றம் வரை போனார். எழுத முடியாதவருக்கு ஸ்கிரைப் தருவதை 40 சதவீதம் என்ற கோட்டோடு கட்டிப்போடக் கூடாது என்று 2021 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. அதற்குப் பிறகு 2022இல் மத்திய அரசு, 40க்குக் கீழே உள்ளவர்களுக்கும் தனி நெறிமுறை வெளியிட்டது. அதன்படி எழுதுவதில் சிரமம் உண்டு என்று மருத்துவச் சான்று வேண்டியிருந்தது, இப்போதைய விதியைக் கல்லூரியில் கேட்டுக்கொள். நேரக் கணக்கு மணிக்கு 20 நிமிடம், மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூட.

ஆனால் நான் அதிகம் வற்புறுத்துவது தேர்வைப் பற்றி அல்ல. அவனுக்காக நீ கல்லூரியில் கேட்க வேண்டியது வகுப்பறை விஷயங்கள். பாடக் குறிப்புகளை வகுப்புக்கு முன்னாலேயே கணினிக் கோப்பாகக் கொடுக்கச் சொல், காதால் கேட்டுவிட்டு வருவான். பாடத்தைப் போனில் பதிவு செய்ய அனுமதி கேள். எழுந்து சத்தமாகப் படி என்று திடீரென்று சொல்ல வேண்டாம் என்று ஒவ்வொரு ஆசிரியருக்கும் தெரிய வேண்டும், இதற்குப் பயந்தே வகுப்புக்கு வராமல் போகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். முத்திரை விழுமே என்கிறாயே, சொல்லாமல் விட்டால் சோம்பேறி, கவனமில்லாதவன் என்ற முத்திரை விழும். அதைவிட இது எவ்வளவோ மேல். யாரிடம் சொல்வது, எவ்வளவு சொல்வது என்பதை மட்டும் அவனே முடிவு செய்யட்டும். வகுப்பு நண்பர்களுக்குத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை.

எங்களிடமும் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துவிடாதே. காது கேளாத மாணவர்களுக்கு நாங்கள் செய்வது போதவே போதாது. சென்னை மாநிலக் கல்லூரியில் அவர்களுக்கென்றே பி.காம்., பிசிஏ வகுப்புகள் நடக்கின்றன, எங்களிடம் ஒரு சைகைமொழிபெயர்ப்பாளர்கூட இல்லை. வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொள்கிற பையன் முன்னால் உட்கார்ந்திருக்க, பலகையைப் பார்த்துக்கொண்டே பாடம் நடத்துகிறார்கள். சாய்தளம் கட்டினால் திறப்பு விழா உண்டு, புகைப்படம் உண்டு. மாணவர்கள் பக்கம் திரும்பி நின்று பேசுங்கள் என்று சொல்வதற்கு ஒரு சுற்றறிக்கை வாங்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. இந்த வருடம் எப்படியும் ஒரு மொழிபெயர்ப்பாளரைக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று முதல்வரிடம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறேன்.

சக ஆசிரியர் ஒருவர், "இதெல்லாம் மத்த பிள்ளைங்களுக்கு அநியாயம் இல்லையா?" என்றார். நூலும் குண்டூசியும் வைத்த பலகையை அவரிடம் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு கேள்விக்கு விடை சொல்லச் சொன்னேன். விடை சரியாகத்தான் சொன்னார், ஆனால் எவ்வளவு நேரம் பிடித்தது என்று அவருக்கே தெரிந்தது. அதன் பிறகு அவர் பாடக் குறிப்புகள்தான் எனக்கு முதலில் வருகின்றன.

எந்தெந்தக் கல்லூரிக்குப் போடுகிறீர்கள் என்று எழுது. ஒவ்வொன்றிலும் சம வாய்ப்பு மையப் பொறுப்பாளர் யார் என்று விசாரித்துச் சொல்கிறேன். விண்ணப்பத்தோடு வைக்க ஒரு மாதிரிக் கடிதம் இதோடு அனுப்பியிருக்கிறேன், தேவைப்படும் இடத்தில் மாற்றிக்கொள். சின்னவனுக்குப் பேச மனமிருந்தால் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மேல் கூப்பிடச் சொல், நீ பக்கத்தில் இருக்க வேண்டாம். அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்