பிடிசி தாளை விட்டுவிடுங்கள்

சென்னைக் கல்லூரிகளில் மரபியல் செய்முறை வகுப்புக்குப் பாடம் வகுப்பவர்களுக்கு,

வணக்கம். ஹார்டி–வீன்பெர்க் சமநிலையை (அல்லீல் எனும் மரபணு வடிவங்கள் இரண்டின் நிகழ்வெண் பி, க்யூ என்றால் மூன்று ஜீனோடைப்பும், அதாவது அல்லீல் இணைகளும், பி², 2பிக்யூ, க்யூ² என்ற விகிதத்தில் இருப்பதை) சோதிக்கிறோம் என்று மாணவர் நாக்கில் பிடிசி தாளை (சிலருக்கு மட்டும் கசக்கும் வேதிப்பொருள் தோய்த்த தாளை) வைப்பதை நிறுத்துங்கள். அது எதையும் சோதிப்பதில்லை. கசப்பு தெரியாதவர்களை இரண்டும் ஒடுங்கு அல்லீலாகப் பெற்றவர்கள் என்று கொள்கிறோம்; 100 பேரில் 36 பேருக்குக் கசப்பு தெரியவில்லை என்றால் க்யூ² 0.36, க்யூ 0.6, பி 0.4. இதை வைத்துத் திரும்பக் கணக்கிட்டால் அதே 36 பேர்தான் வருவார்கள், வேறென்ன வரும்? சமநிலை இருப்பதாக வைத்துக்கொண்டுதானே வர்க்கமூலமே எடுத்தோம்!

மூன்று ஜீனோடைப்பும் தனித்தனியே தெரிய வேண்டும். அதற்கு எம், என் என்ற இரு அல்லீலும் தனித்தனியே வெளிப்படும் எம்என் ரத்த வகை பொருத்தம். எம்எம் 38, எம்என் 38, என்என் 24 என்று வைத்துக்கொள்வோம். 200 அல்லீலில் எம் 114, நிகழ்வெண் 0.57. எதிர்பார்க்கும் எண்கள் 32.49, 49.02, 18.49. எண்ணியதும் எதிர்பார்த்ததும் எவ்வளவு விலகுகின்றன என்று அளக்கும் கை வர்க்கம் (chi-square) 5.05. மூன்று வகுப்பாயிற்றே என்று டிகிரி ஆஃப் ஃப்ரீடம் (தன்னிச்சையாக மாறக்கூடிய எண்களின் எண்ணிக்கை) ஒன்று கழித்து 2 போட்டால் 5 சதவீத அளவில் வரம்பு 5.99, அதைத் தாண்டாததால் சமநிலை இருப்பதாகவே தோன்றும். நிகழ்வெண்ணையும் இதே தரவிலிருந்து எடுத்ததால் இன்னொன்றைக் கழிக்க வேண்டும்: டிகிரி 1, வரம்பு 3.84. சமநிலை இல்லை. (பெருக்கல் வாய்பாட்டுக் கணிதமே போதும் என்று 1908-இல் எழுதினார் ஹார்டி, பின்னாளில் மெட்ராஸிலிருந்து ராமானுஜன் கடிதம் போட்ட அதே ஹார்டி. இங்கே கழித்தலும் தேவை.)

உடனே 'சொந்தத்தில் திருமணம்' என்று காரணம் எழுத வேண்டாம். அக்காள் மகளை மணந்தால் பிள்ளையின் உட்கலப்புக் கெழு (இரு அல்லீலும் ஒரே முன்னோர் அல்லீலின் நகலாக இருக்கும் வாய்ப்பு) 1/8, மாமன் மகள் என்றால் 1/16. ஊரே அக்காள் மகளைக் கட்டினாலும் அடுத்த தலைமுறையில் எம்என் 12.5 சதவீதம்தான் குறையும். இங்கே குறைவு 22 சதவீதத்துக்கு மேல்.

முதலில் ஸ்லைடைச் சந்தேகப்படுங்கள். எம்என் செல்லில் எம் ஆன்டிஜென் ஏறக்குறைய பாதிதான். எம் உள்ள செல்களைத் திரளவைக்கும் ஆன்டி-எம் சீரம் அதை மெலிவாகவே திரட்டும். அதைக் கவனிக்காமல் விட்டால் எம்என் ஆள் என்என் ஆகிவிடுவார். ஃபேனுக்கடியில் காய்ந்த சொட்டின் ஓரமோ திரளாமலே திரண்டதுபோல் தெரியும். சீரத்தை 2–8 டிகிரி செல்சியஸில் வையுங்கள். ஏற்கெனவே எம்என் என்று தெரிந்த ரத்தத்தையே கன்ட்ரோலாக வையுங்கள்.

அடுத்தது வகுப்பறை. தமக்குள்ளேயே பெண் கொடுத்து எடுக்கும் இரு சமூகத்தார் சரிபாதி இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றில் எம் 0.7, மற்றதில் 0.3. இரண்டும் தத்தம் அளவில் சமநிலையில்தான், எம்என் 42 சதவீதம். சேர்த்து எண்ணினாலோ எதிர்பார்ப்பு 50 ஆகிவிடும், எம்என் குறைந்ததுபோல் தெரியும்.

எம்என் சீரத்துக்குப் பணம் இல்லையென்றால் ஏபிஓ தரவு போதும்: நான்கு வகை, கணித்த நிகழ்வெண் இரண்டு, 4 − 1 − 2 என்று டிகிரி 1 மிஞ்சும். எந்தத் தரவிலும் அண்ணன் தம்பியை ஒரே பட்டியலில் சேர்க்காதீர்கள்; ஒரே பெற்றோரின் அல்லீலையே மீண்டும் எண்ணியதாகலாம்.

இப்படிக்கு,
மரபியலும் புள்ளியியலும் கற்பிக்கும் சிலர், சென்னை