அத்தை, பாப்பாவிடம் தமிழிலேயே பேசுங்கள்

அன்புள்ள அத்தை,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதமா என்று கேட்பீர்கள். நேரில் சொல்ல உட்கார்ந்தால் எனக்கு அழுகை வந்துவிடுகிறது. நம்மைப்போல் பாட்டியும் பேத்தியும் இருக்கிற மற்ற வீடுகளிலும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

போன வருடம் ஒரு பேச்சு சிகிச்சையாளர், இரண்டு மொழி பிள்ளையைக் குழப்பும், இனி வீட்டில் ஆங்கிலம் மட்டும் போதும் என்றார். நான் மறுபேச்சில்லாமல் தலையாட்டிவிட்டு வந்து உங்களிடமும் அப்படியே சொன்னேன். அன்றிலிருந்து பாப்பாவிடம் நீங்கள் பேசுவது 'கம்', 'ஈட்', 'ஸ்லீப்' மூன்றே சொல். வெங்காயம் உரிக்கும்போதுகூட அவளுக்கு ஊர்க்கதை சொல்லிக்கொண்டிருந்தவர் நீங்கள். உங்கள் வாயை அடைத்தது நான்தான். மன்னித்துவிடுங்கள்.

அவளுக்கு இருப்பது வில்லியம்ஸ் சின்ட்ரோம். ஏழாவது குரோமோசோமில் 25-க்கும் மேற்பட்ட மரபணுக்கள் அடங்கிய ஒரு சின்னத் துண்டு விடுபட்டிருக்கிறது. இதயத்தை ஒட்டிய அவளுடைய ரத்தக்குழாய் குறுகலாக இருப்பதற்கும் அதுதான் காரணம். பெரும்பாலும் இது தானாக நேர்வது, பரம்பரையாக வருவது அபூர்வம். யார் வழியில் வந்தது என்று கேட்ட சொந்தக்காரர்களுக்கு இனி இதையே சொல்லுங்கள்.

இந்தக் குழந்தைகளுக்குப் பேச்சு தாமதமாக வரும். வந்துவிட்டால் பேச்சுதான் அவர்களுக்கு எல்லாம். லிப்டில் ஏறுகிற ஒவ்வொருவரிடமும் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்கிறாளே, அது யாரிடம் கற்றது? பொதுவாகக் குழந்தைகள் முதலில் விரலை நீட்டிக் காட்டும், அப்புறம்தான் சொல் வரும். இவர்களில் பலருக்கு அது தலைகீழ். பாப்பா 'நிலா' என்று சொல்லிப் பல மாதம் கழித்துத்தான் நிலாவைக் கைகாட்டினாள். அந்த நிலா நீங்கள் சன்னலோரம் நின்று சோறூட்டிக் கொடுத்தது. மேலே, கீழே, உள்ளே, பின்னால் என்று இடம் சொல்கிற சொற்கள்தான் அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. "டப்பாவுக்குள்ளே போடு" என்று நீங்கள் கையைப் பிடித்துப் போட வைத்தால் பிடிபடும்.

இரண்டு மொழி குழப்பும் என்ற பயத்தை விடுங்கள். டவுன் சின்ட்ரோம், ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் செய்த ஆய்வுகளில், இரு மொழி கேட்டு வளர்ந்தவர்கள் ஒரு மொழிக் குழந்தைகளைவிடப் பின்தங்கவில்லை. இந்தச் சிங்கப்பூரில் ஆங்கிலம் பள்ளியிலும் புளோக்குக்குக் கீழேயும் அவளுக்குத் தாராளமாகக் கிடைக்கிறது. தமிழை நாம்தானே கொடுக்க வேண்டும்?

அப்புறம் காது. குக்கர் விசிலடிப்பதற்கு முன்பே, ஆவி சீறும்போதே இரண்டு கையாலும் பொத்திக்கொள்கிறாள். வெயில் அடிக்கும்போதே தூரத்து இடி அவளுக்குக் கேட்டுவிடுகிறது. ஆண்டில் 160 நாளுக்கு மேல் இடி இடிக்கிற ஊர் இது. அவள் அடம் பிடிக்கவில்லை அத்தை, அந்தச் சத்தம் அவளுக்கு உண்மையாகவே வலிக்கிறது. ஆனால் இப்படிச் சத்தத்துக்கு நடுங்குகிறவர்களுக்கே, போகப் போகக் கீச்சென்ற உயர்ந்த ஒலிகள் கேட்காமல் போகவும் கூடும். அதனால்தான் 'இவளுக்குத்தான் பாம்புச் செவியாச்சே' என்று நீங்கள் சொன்னாலும் செவிப் பரிசோதனைக்குக் கூட்டிப்போகிறேன்.

சத்தம் வரப்போவது முன்கூட்டியே தெரிந்தால் அவளுக்குப் பயம் பாதி குறைகிறது. நாளைக்குச் சட்னி அரைக்கும்போது, "தங்கம், மிக்ஸி போடப் போறேன், காதைப் பொத்திக்கோ" என்று சொல்லிவிட்டுப் போடுங்கள். அரைத்து முடித்ததும் அந்த ஊர்க்கதையை விட்ட இடத்திலிருந்து தொடங்குங்கள். மாடு குளத்தில் இறங்கியது வரைக்கும் சொல்லியிருந்தீர்கள். நேற்றும் தூங்கப்போகும்போது என்னிடம் கேட்டாள், "மாடு கரைக்கு வந்துச்சா?" என்று.

உங்கள் மருமகள்