ஒரே ஒரு ஷாட்டில் ஆரம்பி

அன்புள்ள பாப்பா,

உன் பள்ளிக்கூடத்தில் சினிமாவை ஒரு பாடமாகவே வைக்கப்போகிறார்கள், நடத்தும் பொறுப்பு உனக்குத்தான் என்று உங்கம்மா சொன்னாள். என்னிடம் சொல்ல உனக்கு நேரம் வாய்க்கவில்லை போலிருக்கிறது. இருக்கட்டும். பதினான்கு, பதினைந்து வயசுப் பிள்ளைகளுக்குப் படம் பார்க்கச் சொல்லிக்கொடுக்க உன்னைவிடப் பொருத்தமான ஆள் அவர்களுக்குக் கிடைக்கப்போவதில்லை. கேட்காத இடத்தில் யோசனை சொல்வது என் பழக்கம், அது உனக்குப் பிடிக்காது, இரண்டும் நமக்குத் தெரிந்த விஷயம். அதனால் போனில் சொல்லாமல் எழுதுகிறேன். வேண்டியதை எடுத்துக்கொள்.

உங்கம்மாவுக்கு அனுப்பிய பாடத்திட்டத்தை வாங்கிப் படித்தேன். முதல் பருவக் கடைசியில் ஒவ்வொரு குழுவும் பத்து நிமிடக் குறும்படம் எடுக்க வேண்டும் என்று போட்டிருக்கிறாய். அதை எடுத்துவிடு. கணக்குப் போட்டுப் பார். ஷாட் ஒன்று, அதாவது கேமராவை நிறுத்தாமல் எடுக்கும் ஒரு துண்டு, சராசரியாக ஆறு விநாடி என்றால் பத்து நிமிடத்துக்கு நூறு ஷாட். நாற்பத்தைந்து நிமிடப் பீரியடில் சாமான்களை எடுத்து வைக்கப் பத்து நிமிடம், திருப்பிக் கட்டி வைக்கப் பத்து நிமிடம் போனால் மிச்சம் இருபத்தைந்து. அதில் புதுப் பிள்ளைகள் நாலு ஷாட் எடுத்தாலே பெரிசு. நூறு ஷாட்டுக்கு இருபத்தைந்து பீரியட் வேண்டும். அதற்குள் கதாநாயகன் முடி வெட்டிக்கொண்டு வந்து நிற்பான், ஷாட்டுக்கு ஷாட் ஒத்துப்போக வேண்டிய கன்டினியூட்டி போய்விடும். பருவம் முடியும்போது எல்லாக் குழுவிடமும் பாதிப் படம் இருக்கும். பாதிப் படத்தைத் திரையில் போட முடியாது. அதிலிருந்து யாரும் எதுவும் கற்றுக்கொள்வதும் இல்லை. சின்னதாக இருக்கட்டும், ஆனால் முடிக்க வை.

முதல் வேலையாக ஒரே ஒரு ஷாட் கொடு. 1895-இல், சினிமா பிறந்த காலத்தில், பிரான்ஸின் லூமியேர் சகோதரர்கள் எடுத்த படங்கள் எல்லாமே ஒரே ஷாட், ஏறத்தாழ ஐம்பது விநாடி. கேமராவுக்குள் போகிற சுருள் சுமார் பதினேழு மீட்டர்தான், கையால் சுற்ற வேண்டும், தீர்ந்தால் படம் தீர்ந்தது. தொழிற்சாலையிலிருந்து ஆட்கள் வெளியேறும் படத்தை மூன்று முறை எடுத்திருக்கிறார்கள். ஒன்றில் ஒற்றைக் குதிரை வண்டி, ஒன்றில் இரட்டைக் குதிரை வண்டி, ஒன்றில் குதிரையே இல்லை. மூன்றையும் அடுத்தடுத்துப் போட்டு, கதவு திறப்பதும் ஆட்கள் பிரிந்து போகும் திசையும் ஒவ்வொன்றிலும் எப்படி மாறுகிறது என்று கேள். டைரக்‌ஷன் என்றால் என்ன என்று நீ வாய் திறந்து விளக்கவே வேண்டியிருக்காது.

பிறகு அவர்களும் அதே கட்டுப்பாட்டில் எடுக்கட்டும். ட்ரைபாடில் கேமரா, அசையக்கூடாது. ஜூம் கிடையாது, கேமராவைப் பக்கவாட்டில் திருப்பும் பேன் கிடையாது, ஒலி கிடையாது, வெட்டு கிடையாது. அறுபது விநாடி. ஆளுக்கு ஒரே டேக், ஒரே தடவைதான் எடுக்கலாம். எடுப்பதற்கு முன்பு ஒரு தாளில் மூன்று வரி எழுதித் தர வேண்டும்: கேமராவுக்குப் பக்கத்தில் என்ன இருக்கும், நடுவில் என்ன நடக்கும், தூரத்தில் என்ன தெரியும். இந்தத் தாள் இல்லாவிட்டால் பாதிப் பேர் சுவருக்கு எதிரே நண்பனை நிறுத்தி எடுத்துவருவார்கள். இன்னொரு தப்பும் வரும். யாராவது ஃபிரேமை விட்டுப் போனதும் கை தானாக கேமராவைத் திருப்பும். திருப்பவிடாதே. ஆள் வெளியே போன பிறகு காலியாக நிற்கும் இடத்தைப் பார்க்கப் பழகுவதுதான் இந்தப் பயிற்சி. முப்பது பிள்ளைகள் என்றால் முப்பது நிமிடம். ஒரே பீரியடில் எல்லாருடையதையும் திரையில் போட்டுவிடலாம். முதல் மாதத்திலேயே முப்பது முடிந்த படம்! பத்து நிமிடக் குறும்படத்தில் இது நடக்குமா, சொல்.

அடுத்தது மூன்று ஷாட்: ஒருத்தர் கதவைத் திறக்கிறார், நடக்கிறார், நாற்காலியில் உட்காருகிறார். அவ்வளவுதான். இதில் வெட்டு பிடிபடும். வலப்பக்கம் வெளியேறியவர் அடுத்த ஷாட்டில் வலப்பக்கமிருந்தே நுழைந்தால் திரும்பி வருகிற மாதிரி இருக்கும். இடப்பக்கமிருந்து வர வேண்டும். ஒரே ஆளை அடுத்தடுத்து இரண்டு ஷாட்டில் காட்டினால் கேமரா குறைந்தது முப்பது டிகிரியாவது நகர்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் படம் குதிக்கும். கதவைத் திறக்கும் செயலை இரண்டு ஷாட்டிலும் முழுசாக எடுக்கச் சொல். வெட்டும் இடத்தை எடிட்டிங்கில்தான் முடிவு செய்ய முடியும், பிள்ளைகளோ செயல் முடிகிற இடத்தில் கேமராவை நிறுத்திவிடுவார்கள். இதெல்லாம் உனக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் தெரிந்தவர்கள்தான் வகுப்பில் இதைச் சொல்லாமல் தாண்டிப்போகிறார்கள்.

படம் பார்க்கிற பீரியடுக்கு வருகிறேன். இரண்டு மணி நேரப் படத்தை மூன்று துண்டாக்கிக் காட்டாதே. இருட்டு அறை, மதிய நேரம், பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். மூன்று நிமிடக் காட்சி ஒன்றை எடுத்து மூன்று தடவை போடு. முதல் தடவை முழுசாக. இரண்டாவது தடவை ஒலியை நிறுத்திவிட்டு. மூன்றாவது தடவை எல்லாரும் திரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்து காதால் மட்டும். பிறகு ஷாட் எண், விநாடி, ஷாட்டின் அளவு, கேமராக் கோணம், அசைவு, ஒலி என்று ஆறு கட்டம் போட்ட தாளில் எழுதட்டும். 'அவன் கோபமாக இருக்கிறான்' என்று எழுதினால் அடித்துவிடு. திரையில் தெரிவதும் காதில் கேட்பதும் மட்டும்தான் அங்கே வர வேண்டும். கோபம் எங்கேயிருந்து வந்தது என்று பிறகு பேசலாம். அது புருவத்திலா, அதற்கு முந்தைய ஷாட்டிலா என்று சண்டை போட்டுக்கொள்வார்கள். ஒரே முகம் பக்கத்து ஷாட்டைப் பொறுத்து வேறு வேறு உணர்ச்சி காட்டுவதாகத் தெரியும் என்ற குலெஷோவ் பரிசோதனையைச் சொல்லித்தர அதுதான் நேரம்.

ஒலியைப் பற்றி உன் திட்டத்தில் ஒரே வரிதான் இருக்கிறது. எனக்கு அது கஷ்டமாக இருந்தது. மாணவர் படங்களில் முதலில் கெடுவது ஒலிதான். படம் கொஞ்சம் இருட்டாக இருந்தால் பார்ப்பவர்கள் பொறுத்துக்கொள்வார்கள், பேச்சு புரியாவிட்டால் முப்பது விநாடிகூட உட்கார மாட்டார்கள். பேசுகிறவரிடமிருந்து மைக் இருமடங்கு தூரம் தள்ளினால் நேராக வரும் குரல் ஆறு டெசிபல் குறையும். அறையின் எதிரொலியோ குறையாது. வகுப்பறையில் வெறும் சுவரும் தரையும்தான், கிணற்றுக்குள் பேசுகிற மாதிரி ஆகிவிடும். இதற்குப் புது மைக் வாங்கித் தா என்று நிர்வாகத்திடம் நிற்க வேண்டாம். இரண்டாவது போன் ஒன்றில் ஒலிப்பதிவை ஓடவிட்டு, ஃபிளைட் மோடில் போட்டு, பேசுகிறவருக்குப் பக்கத்தில் ஃபிரேமுக்கு வெளியே வைத்தால் போதும். சட்டைப் பையில் வைத்தால் துணி உரசும், கவனம். கேமரா ஓடத் தொடங்கியதும் ஃபிரேமுக்குள் ஒருதரம் பளிச்சென்று கை தட்டச் சொல். அந்தத் தட்டலை வைத்து இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம். நீளமான டேக்கில் போகப்போக உதடும் குரலும் விலகினால் பிள்ளைகளைத் திட்டாதே. வீடியோ என்பது வரிசையாகப் பதியும் தனித்தனிப் படங்கள், அதையும் ஃபிரேம் என்றுதான் சொல்வோம்; போன்கள் பெரும்பாலும் அவற்றைச் சீரான வேகத்தில் பதிவதில்லை. விநாடிக்கு நிலையான 25 அல்லது 30 ஃபிரேமுக்கு மாற்றிவிட்டு எடிட் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஒவ்வொரு இடத்திலும் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அறையின் வெறும் சத்தத்தைப் பதியட்டும். வசனங்களுக்கு இடையே ஒலியில் ஓட்டை விழாமல் அடைக்க அது வேண்டும். மின்விசிறியை நிறுத்தச் சொல்ல மறக்காதே, படப்பிடிப்பு முடிந்ததும் திரும்பப் போடவும்தான்.

கேமராவில் இரண்டே விஷயம். ஃபோகஸையும் வெளிச்ச அளவையும் பூட்டாவிட்டால் ஷாட்டின் நடுவே முகம் வெளுத்துக் கறுக்கும். விளக்கு வெளிச்சத்தில் படம் துடித்தால், மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்றால் ஷட்டரை 1/50-இலும், 60 என்றால் 1/60-இலும் வை.

எடிட்டிங் அறையில்தான் அழுகை வரும், தயாராக இரு. பிள்ளைகள் பென்டிரைவிலிருந்தே எடிட் செய்வார்கள். புராஜெக்ட் கோப்புக்குள் படம் இருக்காது, படம் இருக்கும் இடத்தின் முகவரிதான் இருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியாது. அடுத்த வாரம் பென்டிரைவ் இல்லாமல் திறந்தால் எல்லா ஷாட்டும் காணாமல் போய்ச் சிவப்பாக நிற்கும். குழுவுக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் படம், ஒலி, புராஜெக்ட் என்று மூன்று. முதல் நாளே இதைச் செய்யாத குழுவை எடிட் செய்ய விடாதே. பழைய பென்டிரைவ் FAT32 என்ற கோப்பு முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது, exFAT முறைக்கு மாற்று. கணினிகள் பழையவை என்றால் ஷாட்கட், கேடென்லைவ் மாதிரி இலவச மென்பொருள் போதும், 720பி என்ற சின்ன அளவு நகல் வைத்து வெட்டலாம். எல்லாவற்றையும் இரண்டு இடத்தில் பிரதி எடு. இரண்டாவது பிரதி வேறொரு அறையில் இருக்கட்டும். ஒரே மேஜையில் இருக்கும் இரண்டு பிரதி ஒன்றுக்குச் சமம்.

மதிப்பெண்ணை முடிந்த படத்துக்கு மட்டும் போடாதே, ஆளாளுக்கு ஒரு வேலைக் குறிப்பேடு வைத்து அதற்கும் பாதி போடு. இல்லாவிட்டால் ஒருவன் எல்லாவற்றையும் செய்வான், மூன்று பேர் நிற்பார்கள். முகம் தெரிகிற பிள்ளைகளின் பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிவிட்டுத்தான் வெளியே காட்ட வேண்டும். பாட்டுக்கும் உரிமை வாங்காமல் வகுப்புக்கு வெளியே போடக்கூடாது.

மறுபடியும் சொல்கிறேன், முடிக்க வை. மோசமாக வந்தாலும் முடித்து, பெயர் போட்டு, திரையில் போட வை. பிடிக்காத ஷாட்டைத் தூக்கிவிட்டு இருக்கிறதை வைத்து முடிக்கத் தெரிவது பெரிய வித்தை. அதைச் சொல்லித்தர உன்னால் முடியும் என்றுதான் நினைக்கிறேன்.

உன் படத்தைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்க மாட்டேன் என்று உங்கம்மாவிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன். ஹார்டு டிஸ்க்கைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை, அது வேறு விஷயம். ஓடாமல் அலமாரியில் கிடக்கும் டிஸ்க் பத்திரமாக இருக்கிறது என்று நினைக்காதே. உள்ளே மசகு இறுகி ஒருநாள் சுழல மறுத்துவிடலாம். உன் அறையிலிருப்பது ஒரே பிரதி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நீ சரியென்றால் வேறு இரண்டு டிஸ்க்கில் பிரதி எடுத்து வைக்கிறேன். ஒரு கோப்பையும் திறக்க மாட்டேன். கேபிளைத்தான் காணோம். அதற்கு எந்த முனைக் கேபிள், பாஸ்வேர்டு ஏதாவது போட்டிருக்கிறாயா என்று எனக்கே எழுது, உங்கம்மாவிடம் சொல்லி அனுப்பினால் அவள் மாற்றிச் சொல்லிவிடுவாள்.

அன்புடன்,
அப்பா