பில்லில் வந்த 2 கிலோ டிரம்ஸ்டிக்

அன்புள்ள பெரியவனுக்கு,

நீ சாமான் வாங்குகிற கடையின் ஆன்லைன் கணக்கு இன்னும் என் போனில்தான் இருக்கிறது. நீ வாங்கினதற்கு பில் இங்கேயும் வந்தது: டிரம்ஸ்டிக், 2 கிலோ. சின்னவன் தன் டிரம்ஸுக்குக் குச்சி வருகிறது என்று குதித்தான். அப்பா முருங்கைக்காய் என்றார். கீழேயே தயிரும் மிளகாய்த்தூளும் இருந்ததால் கோழிக்கால்தான் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

கால் ஒன்று 100 முதல் 120 கிராம் நிற்கும். 2 கிலோ என்றால் பதினேழு, இருபது துண்டு. ஒரு ஆள் சாப்பாடு இல்லை அது. பச்சைக் கறி ஃபிரிட்ஜில் ரெண்டு நாளைக்கு மேல் தாங்காது, அதனால் ஒரு வேளைக்கு எத்தனை தட்டோ அந்தக் கணக்கில் பிரித்து அன்றைக்கே ஃபிரீசரில் போடு. சமைப்பதற்கு முதல் நாள் ராத்திரி ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்று. மேலே வைத்தால் சொட்டுகிற தண்ணீர் மற்ற சாமான்மேல் விழும். குழாயடியில் கழுவாதே, தெறித்து சிங்க் முழுக்கக் கிருமி பரவும்.

சதையில் எலும்பு வரை மூன்று கீறல் போடு, இல்லாவிட்டால் உப்பும் காரமும் தோலோடு நின்றுவிடும். கணுப்பக்கம் நரம்பைச் சுற்றி வெட்டிவிட்டால் வேகும்போது சதை மேலே ஏறிக்கொள்ளும், பிடித்துச் சாப்பிட வசதி. ஓவனில் 200 டிகிரியில் 40 நிமிஷம் ஆகும். தட்டில் நெருக்கி அடுக்காதே. தண்ணீர் விட்டு அவிந்துபோகும், சிவக்காது. உள்ளே 74 டிகிரி வந்தாலே பயமில்லை, ஆனால் காலுக்கு 80க்கு மேல் போனால்தான் நார் இளகும். நன்றாக வெந்த பிறகும் எலும்பை ஒட்டிச் சிவப்பாக இருக்கலாம், இளங்கோழியின் மஜ்ஜை கசிவதால் வருவது அது. கூடச் சாப்பிடுகிறவர்கள் முகம் சுளித்தால் இதைச் சொல்லு.

நீ அடுப்படியில் நிற்பது எனக்குப் பெருமைதான். ஆனால் போனில் 'சாப்பிட்டேன்' என்று ஒரு வார்த்தையோடு வைத்துவிடுகிறாய், மிச்சத்தை பில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

நம்ம ஆட்கள் கடையில் அதே பேரில் முருங்கைக்காய் கிடைக்கும், அதையும் வாங்கு. லேசாக முறுக்கிப் பார், வளைந்து கொடுக்க வேண்டும். விறைப்பாக, விதை புடைத்திருந்தால் முற்றல். விரல் நீளத்துக்கு நறுக்கி, உப்புத் தண்ணீரில் முக்கால் பதம் வெந்த பிறகுதான் புளி சேர்க்கணும். முன்னாலேயே ஊற்றினால் எவ்வளவு கொதித்தாலும் காய் இளகாது. உறைந்த பாக்கெட் என்றால் ஐஸோடு அப்படியே குழம்பில் போடு. உருகவிட்டால் கூழாகிவிடும். பழக்கமில்லாதவர்கள் யாராவது சாப்பிட்டால், சதையையும் விதையையும் வழித்துத் தின்றுவிட்டுத் தோலைத் துப்பிவிட வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடு. நாரை விழுங்கித் தொண்டையில் சிக்க வைத்துக்கொள்ளப் போகிறார்கள். எல்லாரும் நம்மைப் போல் தெரிந்துகொண்டே பிறப்பதில்லை.

சின்னவனுக்கு டிரம்ஸ் குச்சி அனுப்பினால் 7ஏ என்கிற அளவு பார்த்து வாங்கு. எண் கூடினால் தடிமன் என்று நினைக்காதே, 5ஏவை விட 7ஏதான் மெல்லிசு, அவன் கைக்கு அது போதும். ஹிக்கரி மரம் அதிர்வைத் தாங்கும், மேப்பிள் லேசு, ஆனால் சீக்கிரம் ஒடியும். நுனி மரமாகவே இருக்கட்டும். நைலான் நுனியில் சிம்பல் என்கிற உலோகத் தட்டின் சத்தம் இன்னும் கூர்மையாகக் கேட்கும், அடுத்த வீட்டுக்காரர்கள் இப்போதே புலம்புகிறார்கள். வாங்கும்போது மேஜையில் உருட்டிப் பார், ஆடினால் கோணல். ஒவ்வொன்றாகத் தட்டிப் பார், ரெண்டும் ஒரே ஒலி தரணும்.

திரும்பவும் சொல்கிறேன், பச்சைக் கறியை ரெண்டு நாளுக்கு மேல் வைக்காதே, வேளைக்கு வேளை பிரித்து வை. எத்தனை பேருக்கு என்று ஒரு வரி எழுதினால் மசாலா அளவைச் சரியாகச் சொல்லிவிடுவேன். காரம் தாங்குவார்களா என்றும் எழுது.

அன்புடன்,
அம்மா